ஏழு கல் தோடு: ஈஎஃப்பா, ஜிஹெச்சா, ப்ளூ ஜாகரா?

கேள்வி இதுதான். மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு வாங்க வேண்டும், ஜோடிக்குச் சுமார் ஒரு காரட். கடையில் ஒரே மாதிரி இரண்டு ஜோடியைக் காட்டி, ஒன்று ஈஎஃப் கலர், மற்றது ஜிஹெச் கலர் என்கிறார்கள். விலையில் நல்ல வித்தியாசம். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. வீட்டில் அம்மாவோ, "எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது, ப்ளூ ஜாகர் என்றால் வாங்கு, இல்லாவிட்டால் வேண்டாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கல் பிரிக்கும் மேஜையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். மஞ்சள் தங்கத்தில், அடி மூடிய கட்டில், ஏழு சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கற்கள் என்றால் ஜிஹெச் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைக் கட்டிங்கிலும் ஜோடி சேர்ப்பிலும் போடுங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். அம்மா கேட்பதற்கும் பதில் வழியில் வந்துவிடும்.

முதலில் ஒரு வேடிக்கை. வைரத்தில் "கலர் நல்லாயிருக்கு" என்றால் கலரே இல்லை என்று அர்த்தம். வைரம் சுத்தமான கரி, அதாவது கார்பன். மண்ணுக்கடியில் அது உருவாகும்போது கார்பன் அணுக்களின் இடத்தில் அங்கங்கே நைட்ரஜன் புகுந்துவிடுகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு காலி இடத்தைச் சுற்றி உட்கார்ந்தால், அந்தக் கூட்டு ஒளியில் இருக்கும் ஊதாப் பகுதியை விழுங்கிவிடும். ஊதா போனால் மீதி மஞ்சளாகத் தெரியும். இந்த மூன்று நைட்ரஜன் கூட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜாகர் விஷயத்தில் மறுபடி வருவார். பூமியில் எடுக்கும் வைரங்களில் நைட்ரஜன் ஏறாதவை மிகக் குறைவு. கிருஷ்ணா நதிக்கரையில் எடுத்த பழைய கோல்கொண்டா கற்கள் பேர் வாங்கியது, நைட்ரஜன் ஏறாத அந்த அபூர்வ வகைக் கற்கள் அங்கே கிடைத்ததால்தான்.

இந்த மஞ்சள் எவ்வளவு என்று சொல்லத்தான் எழுத்து. அமெரிக்காவின் ரத்தினக்கல் ஆய்வு நிறுவனமான ஜிஐஏ 1950-களில், அதை நடத்திய ரிச்சர்ட் லிடிகோட் காலத்தில், டி முதல் இசட் வரை இந்த அளவுகோலைக் கொண்டுவந்தது. ஏ-யில் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு முன்பே கடைக்குக் கடை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று இஷ்டத்துக்குப் போட்டு அந்த எழுத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அந்தக் குழப்பம் ஒட்டக் கூடாது என்று டி-யில் தொடங்கினார்கள். டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே-யிலிருந்து லேசான சாயல் தொடங்கும், இசட்டுக்குப் போகப் போக அது கூடும். இசட்டையும் தாண்டி நல்ல மஞ்சளாகிவிட்டால் கதை தலைகீழ். அது தனி ரகம், விலை மறுபடி ஏறும். உங்களுக்கு அது தேவையில்லை, விடுங்கள்.

கடையில் சொல்லும் ஈஎஃப் என்பது ஒரு கிரேடு இல்லை. இ-யும் எஃப்-பும் கலந்த பாக்கெட். ஜிஹெச்சும் அப்படித்தான். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு தோட்டில், ஒன்றின் கடைசிக் கல் எஃப், மற்றதன் முதல் கல் ஜி என்றால் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாங்களே அதை மேஜையில், ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் ஒப்புக்கல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பித்தான் முடிவு செய்வோம். ஒரே கல்லுக்குத் தரம் பார்க்கும் ஒரு லேப் எஃப் என்றும் இன்னொன்று ஜி என்றும் எழுதுவது வழக்கமான சங்கதி.

கலரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, முகம் கீழே, கூர்முனை மேலே இருக்கும்படி வெள்ளைத் தட்டில் வைத்து, பக்கவாட்டில் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு, சுற்றிலும் நிறமில்லாத சூழல், பக்கத்தில் கிரேடு உறுதியான ஒப்புக்கற்கள். நேராக முகத்தைப் பார்த்தால் ஜொலிப்பு கண்ணைப் பறித்துவிடும், உடம்பு நிறம் தெரியாது. அதனால்தான் கவிழ்க்கிறோம். சில பேர் கல் மேல் லேசாக வாயால் ஊதி ஆவி படியச் செய்வார்கள். ஒரு நொடி மினுக்கு அடங்கும், அந்த நொடியில் நிறம் தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டேன். காலையிலிருந்து பிரித்த பாக்கெட் முழுவதையும் மதியம் பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல ஜி கல்லையெல்லாம் ஐ-யில் தள்ளியிருந்தேன். திட்டவில்லை. "ஒண்ணு சட்டையைக் கழட்டு, இல்லேன்னா கல்லைக் கீழே வை" என்றார். அன்றிலிருந்து மேஜைக்கு வெள்ளை அல்லது சாம்பல் சட்டைதான். வைரம் கண்ணாடி மாதிரி, பக்கத்தில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சட்டைக் கதை உங்கள் தோட்டுக்கும் பொருந்தும். மஞ்சள் தங்கத்தில் கிண்ணம் மாதிரி குழித்து, அடியை மூடி, அதற்குள் கல்லை உட்கார வைத்தால் தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறாமல் என்ன செய்யும்? கல்லின் பக்கமும் அடியும் தெரியவே தெரியாது. எந்தப் பக்கத்தைப் பார்த்து ஈஎஃப் என்று எழுதினார்களோ அந்தப் பக்கத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஜிஐஏ தன் வழக்கமான கிரேடு அறிக்கையைப் பதிக்காத கல்லுக்கு மட்டும் தருவது இதனால்தான். நகையாகப் பதித்த பிறகு தரும் சான்றிதழில் கலர் என்று இருப்பது மதிப்பீடுதான்.

அடுத்தது அளவு. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஏழு கல் தோட்டில் நடுவே ஒன்று, சுற்றி ஆறு. ஜோடிக்குப் பதினான்கு கல். ஒரு காரட்டைப் பதினான்கால் வகுத்தால் கல்லுக்கு ஏழு சென்ட், குறுக்களவு சுமார் 2.7 மில்லிமீட்டர். ஒரு காரட் ஒற்றைக் கல் 6.5 மில்லிமீட்டர் இருக்கும். ஒளி உள்ளே நடக்கும் தூரம் கூடினால்தான் நிறம் திரளும். டம்ளரில் இருக்கும்போது தெரியாத கலங்கல் அண்டாவில் தெரிகிறதே, அதே கணக்கு. 2.7 மில்லிமீட்டர் கல்லில், காதில் போட்டபின், இ-க்கும் ஜி-க்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்கிறவரைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.

ஈஎஃப்புக்குக் காசு கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ, பக்கமெல்லாம் திறந்த கொக்கிக் கட்டில், அரை காரட்டுக்கு மேல் ஒற்றைக் கல் மோதிரம் என்றால் எஃப்-புக்கும் ஐ-க்கும் வித்தியாசம் தெரியும். வட்டக் கல் நிறத்தை நன்றாக மறைக்கும். நீள்வட்டம், எமரால்டு கட் இவை மறைக்காது, ஓரங்களில் மஞ்சளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒரு படி மேலே போவது நியாயம். எட்டுக்கல் பேசரிக்கும் சின்ன மூக்குத்திக்கும் ஏழு கல் தோட்டுக்குச் சொன்னதே போதும்.

ஏழு கல் தோட்டில் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது ஒற்றுமை. பதினான்கும் ஜி-யாக இருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. பதிமூன்று இ-யும் ஒரே ஒரு ஜே-யும் இருந்தால் அந்த ஒன்று கண்ணில் குத்தும். நம் கண்ணுக்கு நிறத்தைத் தனியாக அளக்கத் தெரியாது, பக்கத்தில் வைத்து ஒப்பிட மட்டும் நன்றாகத் தெரியும். பழைய தோட்டில் ஒரு கல் விழுந்து, அவசரத்துக்கு வேறு கல் வைத்துக் கட்டியிருந்தால், கல்யாண வீட்டில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் அத்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இப்போது அம்மாவின் ப்ளூ ஜாகர். தென்னாப்பிரிக்காவில், இன்றைய ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், யாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஓர் ஊர். 1870-இல் அங்கே வைரம் கண்டார்கள். 1893-இல் எக்ஸெல்சியர் என்ற 995 காரட் வைரம் கிடைத்ததும் அந்தச் சுரங்கத்தில்தான். அங்கிருந்து வந்த நல்ல வெள்ளைக் கற்கள் சிலவற்றில் வெயில் பட்டால் இளநீலம் ஓடும். வியாபாரிகள் ஊர்ப் பெயரைச் சுருக்கி ஜாகர் என்றார்கள். அந்தச் சொல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று தலைமுறையாக நம் ஊர்ப் பெண்களுக்கு நல்ல வைரம் என்றால் ப்ளூ ஜாகர்தான். அந்தச் சுரங்கத்தில் தோண்டுவது 1971-இலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று கடையில் புதுத் தோட்டை எடுத்து வைத்து ப்ளூ ஜாகர் என்றால், அந்த ஊர்க் கல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எந்த லேபும் அப்படி ஒரு கிரேடு எழுதுவதில்லை.

அந்த நீலம் பொய்யா என்றால், பொய் இல்லை. அது கல்லின் உடம்பு நிறமில்லை, ஒளிர்வு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 காரட் ஹோப் வைரத்தின் நீலம் போரானால் வந்த உடம்பு நிறம். ஜாகர் நீலம் வேறு. இதற்குக் காரணம் மேலே சொன்ன அதே மூன்று நைட்ரஜன் கூட்டு. கல்லை மஞ்சளாக்குவதும் அவர்தான், வெயிலில் நீலமாக ஒளிர வைப்பதும் அவர்தான்.

வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது எதற்கு? துணியில் ஏறிய மஞ்சளை நீலம் அடித்துவிடும், பார்வைக்கு வெளுப்பாகத் தெரியும். சலவைப் பவுடரில் இதற்கென்றே ஒளிரும் ரசாயனம் சேர்க்கிறார்கள், வெயிலில் சட்டை கூடுதலாக வெளுப்பது அதனால்தான். வைரத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதே. ஐ, ஜே கலர் கல்லில் நல்ல நீல ஒளிர்வு இருந்தால் பகலில் ஒரு படி வெள்ளையாகத் தெரியும். புற ஊதா இல்லாத எல்இடி விளக்கின் கீழ் வந்தால் உள்ள நிறம் உள்ளபடி தெரியும். கோயில் வாசலில் பார்த்த தோடும் ராத்திரி ரிசப்ஷனில் பார்த்த தோடும் வேறு வேறு மாதிரி இருப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இதில் ஒரு வியாபாரத் தமாஷ் உண்டு. இன்றைய உலகச் சந்தையில், டி, இ, எஃப் கல்லில் பலமான நீல ஒளிர்வு இருந்தால் விலை குறைத்துத்தான் பேசுவார்கள். அப்படிப்பட்ட சில கற்கள் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் மாதிரி மங்கித் தெரியும் என்ற பயம்தான் காரணம். ஆனால் எல்லாக் கல்லும் அப்படி இல்லை. 1997-இல் ஜிஐஏ வெளியிட்ட ஆய்வில் சாதாரண ஆட்களால் ஒளிர்வு இருப்பதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. நம் ஊர்க் கடையிலோ அதே நீலத்துக்கு "ஜாகர்" என்று பெயர் வைத்து விலையை ஏற்றிச் சொல்வார்கள். வெளியே தள்ளுபடி, இங்கே கூடுதல். நீலம் ஓடும் கல் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் இயல்பான பகல் வெளிச்சத்தில் நீலச் சாயல் தவிர வேறு சாயல் தெரியும் கல்லை "ப்ளூ ஒயிட்" என்று விற்பதே அவர்களின் வர்த்தக ஆணைய விதிப்படி தவறு.

ஒளிர்வு இருக்கிறதா என்று பார்க்க லேபுக்குப் போக வேண்டாம். கல்லாவில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கும். அதன் கீழே தோட்டை வைக்கச் சொல்லி, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். பதினான்கில் நாலைந்து நீலமாக எரியும், இரண்டு லேசாக, மீதி இருட்டாக இருக்கும். பூமியில் எடுத்த கற்களைக் கலந்து கட்டினால் இப்படித்தான் கலவையாக இருக்கும். எல்லாமே நீலமாக எரிந்தால் யாரோ பொறுமையாகப் பொறுக்கிச் சேர்த்த ஜோடி. ஒன்றுகூட மின்னவில்லை என்றால், லேபில் வளர்த்த வைரமா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது, அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது.

லேப் வைரம் என்றதும் ஒரு வார்த்தை. அதில் டி, இ, எஃப் எல்லாம் சர்வ சாதாரணம். ஆகவே "லேப் வைரம்தான், ஆனா ஈஎஃப் கலர்" என்று அதற்குத் தனி மரியாதை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். ஜிஐஏவே 2025 அக்டோபரிலிருந்து அந்தக் கற்களுக்கு இந்த எழுத்துகளைத் தருவதை நிறுத்தி, பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டே வகையாக்கிவிட்டது.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? நகைக்கடை விளக்கு வைரத்துக்காகவே போட்டது. அதன் கீழே உடைந்த சோடா பாட்டிலும் ஜொலிக்கும். தோட்டை வாங்கி வாசல் பக்கம் வாருங்கள். நேர் வெயில் வேண்டாம், வானம் தெரியும் நிழல் போதும். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்துப் பள்ளமாக்கி அதில் வையுங்கள். கடைக்காரர் கல்லைத் தனியாகக் காட்டினால் அவர் பிரிக்கும் பொட்டணத்தைக் கவனியுங்கள், உள்ளே மெல்லிய இளநீலத் தாள் இருக்கும். அழகுக்காக இல்லை. அந்த நீலத்தில் கல் ஒரு படி வெளுப்பாகத் தெரியும். பரம்பரை வழக்கம், ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் வெள்ளைத் தாளுக்கு மாற்றிக்கொண்டு பாருங்கள், போதும்.

அப்புறம் இதைச் செய்யுங்கள். ஈஎஃப் ஜோடியையும் ஜிஹெச் ஜோடியையும் விலைச்சீட்டை மறைத்து, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, மகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு கை தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் அம்மாவும் எது எது என்று சொல்லுங்கள். மூன்று தடவை மாற்றி மூன்றிலும் சரியாகச் சொன்னால் ஈஎஃப்பே வாங்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மஞ்சளை விட நான் பயப்படுவது வேறு சாயலுக்கு. பழுப்பு, பச்சை, பால் படிந்த மாதிரி மங்கல். வியாபாரத்தில் இதைப் "பிஜிஎம்" என்பார்கள், வாங்கும்போது "நோ பிஜிஎம்" என்று சொல்லித்தான் வாங்குவோம். ஜே வரை உள்ள கல்லில் லேசான பழுப்பு இருந்தாலும் ஜிஐஏ அறிக்கையில் தனியாக எழுதுவதில்லை, கே-யிலிருந்துதான் பழுப்பு என்று சேர்த்து எழுதும். ஆகவே எழுத்து ஹெச் என்றிருந்தாலும் கல் காப்பித்தூள் கழுவின தண்ணீர் மாதிரி தெரிந்தால் வேண்டாம். இங்கே காகிதத்தை விடக் கண்ணை நம்புங்கள்.

பில்லில் மொத்த சென்ட் எடை, கலர், கிளாரிட்டி (உள்ளே குறை எவ்வளவு என்பது) மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் இன்றைக்கே கேளுங்கள். வாயால் சொன்ன ஈஎஃப் மாற்றப் போகும்போது ஜிஹெச் ஆகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் வைரத்தை வாங்குமுன் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு, ராசி ஒத்துவருகிறதா என்று. ராசி பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கடை சம்மதித்தால் அந்த வழக்கத்தை விடாதீர்கள். உங்கள் கூடத்து டியூப் லைட், காலை ஜன்னல் வெளிச்சம், மாலையில் மொட்டை மாடி, இப்படி மூன்று நாள் பார்த்தால் கல்லின் கலர் எல்லா வேஷத்திலும் தெரிந்துவிடும்.

கடைசியாக அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போகுமுன் ஒரு வேலை. அவர் காதில் போட்டிருக்கும் தோடு எத்தனை வருஷமாகத் தலைக்கு எண்ணெய், மஞ்சள், சீயக்காய் எல்லாம் பார்த்திருக்கும்! வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர். சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேஜையில் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்ததே அந்தக் குணத்தை வைத்துத்தான். கட்டுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்தால் நல்ல எஃப் கல்லும் எல் மாதிரி தெரியும். பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நுரை வந்ததும் தோட்டை அதில் அரை மணி நேரம் போட்டு, மெத்தென்ற பழைய பல் பிரஷ்ஷால் பின்பக்கத்தையும் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். திருகாணியைத் தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள், சாக்கடையில் முதலில் போவது அதுதான். அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டே அம்மா கடைக்கு வரட்டும். வாசல் வெளிச்சத்தில் அதையும் புதிய ஜிஹெச் ஜோடியையும் ஒரே வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டுங்கள். இத்தனை வருஷம் ப்ளூ ஜாகர் பார்த்த கண், உங்களை விடவும் என்னை விடவும் சீக்கிரம் சொல்லிவிடும்.